மணம் சேர்த்த கை

அத்தியாயம் 12

வீட்டிலிருந்த ஒரே கண்ணாடியைக் கோகிலவாணி சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டாள். அதை யாரும் நேராக்கவில்லை. அவரவர் கைக்கு வந்தபடி தலை வாரிக்கொண்டு வெளியே போனார்கள்.

போன வாரம் புளி அடிக்கப் போகும் முன் அவள் புதுக் கிரீமை முகத்தில் பூசிக்கொண்டதும், மறுநாள் முகம் எரிய ஆரம்பித்ததும், அப்புறம் கொப்புளம் கிளம்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். கொப்புளங்கள் இப்போது வற்றிவிட்டன. வற்றிய இடமெல்லாம் கறுத்துவிட்டது. இரண்டு கன்னத்திலும், கழுத்திலும், விரல்கள் இழுத்துப் பூசிய தடத்திலேயே கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன.

நெற்றி மட்டும் தப்பித்திருந்தது. அது ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்ட பிறகு காரணத்தை யார் தேடுகிறார்கள்?

குற்றவாளி வெற்றிவேல், கோகிலாவுக்கு நேர் மூத்த அண்ணன். குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். மகளிர் குழு செய்கிற தேன்மெழுகுக் கிரீமில் வாசனையே இல்லை என்று சென்னைக் கடைக்காரி ஷோபனா குறைப்பட்டுக்கொண்டபோது, ஊதுபத்தி செய்கிறவர்கள் சாமான் வாங்கும் கடையில் எலுமிச்சை வாசனை பாட்டில் ஒன்றை வாங்கிவந்து எல்லோரிடமும் தூக்கிக் காட்டியவன் அவன்தான். ஆகவே தங்கையின் முகத்தைக் கெடுத்தவனும் அவன்தான் என்று வீடு முடிவு செய்துவிட்டது. மங்கம்மாள் மகனைத் திட்டித் தீர்த்தாள். கோகிலா அவனோடு பேச்சை நிறுத்தினாள். அவன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை. வண்டியிலேயே படுத்துக்கொண்டான்.

உண்மை தெரிந்தது மூத்த மருமகள் ரேணுகாதேவிக்கு மட்டும். அந்தப் பாட்டிலின் மூடியை யாரும் திருகவே இல்லை. சாமை மூட்டைக்குப் பின்னால், வாங்கி வந்தபடியே அது இருக்கிறது.

"பாட்டில் சென்ட் எல்லாம் வேண்டாங்க, நிறைய பேருக்கு அலர்ஜி ஆகுது. இயற்கையா ஏதாவது போடுங்க" என்று ஷோபனா அப்புறம் அவளிடம் போனில் சொல்லியிருந்தாள். ரேணுகாவுக்கு அது பெருமையாக இருந்தது. கொல்லையில் எலுமிச்சை காய்த்துக் குலுங்கும்போது பாட்டில் எதற்கு? பச்சைத் தோலைச் சீவி, துணியில் கட்டி, கை வலிக்கப் பிழிந்து, அந்தச் சாற்றையும் எண்ணெயையும் மெழுகுப் பானையில் விட்டாள். கொட்டகையே மணந்தது. சென்னைக்குப் போகிற டப்பாக்கள், வீட்டில் பூசிப் பார்க்க ஒரு டப்பா, எல்லாமே அந்த ஒரே பானைதான்.

கோகிலாவின் முகம் எரிந்த அன்று மங்கம்மாள் கேட்டாள்.

"அந்தப் பாட்டில்தான?"

"ஆமா அத்தை. வூட்டு டப்பாவுல மட்டும்தான் அத ஊத்தினேன். மெட்ராசுக்குப் போறதுல நம்ம எலுமிச்சைதான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. குழுவுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். அது போய்விடக் கூடாது என்ற ஒரே நினைப்பு. எலுமிச்சை மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தினமும் சோற்றில் பிழிகிற காய் யாரை என்ன செய்யும்? புளித் தூசியோ, பூச்சியோ, என்ன கருமமோ என்று நினைத்துக்கொண்டாள். சொன்ன பொய்யைத் திருப்பி வாங்க மறுநாள் முயன்றாள், நாக்கு எழவில்லை. அதற்கப்புறம் எதுவுமே எழவில்லை. அழுகை இல்லை, பயம் இல்லை. சமைத்தாள், பரிமாறினாள், பெட்டி கட்டினாள். குழம்பில் உப்பு போட மறந்ததுகூட மாமியார் சொல்லித்தான் தெரிந்தது.

இன்றைக்குக் கோகிலாவைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் பார்க்கிற நாள். சென்னைப் பெட்டிகளையும் அங்கேதான் பார்சல் போட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி.

விடிந்ததும் வெற்றிவேல் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். மங்கம்மாள் பெட்டிகளைத் தானே எடுத்து வைத்தாள். மகனைப் பார்க்கவில்லை.

"பாத்து ஓட்டச் சொல்லு" என்றாள் மருமகளிடம், அவன் காதுபடவே.

எதிர் வீட்டுத் தங்கவேலின் மனைவி கைக்குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்தாள். தலைப்பிரசவம். இத்தனை நாள் மங்கம்மாள்தான் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் இன்றைக்குத் தாய் வீட்டுக்குப் புறப்படுகிறாள்.

"எங்கூர் பக்கம் போவுதா வண்டி?"

"இல்லம்மா, நாங்க ஆலங்காயம் வழி" என்றான் வெற்றிவேல்.

"சரி, மத்தியான பஸ்சுலயே போய்க்கிறேன்."

மங்கம்மாள் அவளை உள்ளே வரச் சொன்னாள். ரேணுகா கோகிலாவின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். கோகிலா துண்டைத் தலையில் போட்டு, முகம் தெரியாமல் இழுத்துவிட்டுக்கொண்டாள். முன் சீட்டில் மூன்று பேர் ஒட்டி உட்கார வேண்டும். ரேணுகா நடுவில்.

மலைப்பாதையில் வண்டி காவலூரைத் தாண்டியது. வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து எலுமிச்சை வாசனை வந்துகொண்டே இருந்தது.

"நான் கேட்டுட்டுதான் வாங்கினேன் கோகிலா" என்று வெற்றிவேல் திடீரென்று ஆரம்பித்தான். கண் ரோட்டில் இருந்தது. "மூஞ்சிக்கு ஆவுமான்னு கடைக்காருகிட்ட கேட்டேன். எல்லாத்துக்கும் ஆவும்னாரு. அந்தாளு சொன்னத நம்பிட்டேன்."

கோகிலா துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எதுனா சொல்லு. திட்டவாவது செய்."

"ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லுங்க அண்ணி" என்றாள் கோகிலா.

ரேணுகா வாய் திறக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டு பேரும் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அவள் ஜன்னல் வழியே ஓடுகிற மரங்களைப் பார்த்தாள். மனசு ஈரத்துணி மாதிரி மடிந்து கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, வண்டியை நிழலில் போடப் போனான் வெற்றிவேல். உள்ளே வரவில்லை. தங்கையின் முகத்தை டாக்டர் பார்க்கும்போது தான் பக்கத்தில் நிற்க அவனுக்குத் துணிவில்லை.

நல்ல கூட்டம். முறை வந்தபோது டாக்டரம்மா கோகிலாவைத் துண்டை எடுக்கச் சொன்னார். முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்ன பூசினே?"

"எங்க குழுவுல செய்யற கிரீமுங்க."

"நெத்தியில பூசலையா?"

"பூசினேங்க. தூசுக்காகத் துண்ட நெத்தி வரைக்கும் கட்டிக்கினேன்."

"பூசிட்டு எங்க போனே?"

"களத்துக்கு. புளி அடிச்சோம். சாயங்காலம் வரைக்கும் வெயில்லதான்."

டாக்டரம்மா கையை நீட்டினார். ரேணுகா டப்பாவைக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

ரேணுகாவின் வலது புறங்கையில் மணிக்கட்டுவரை இரண்டு மூன்று கறுப்புத் தாரைகள் இருந்தன.

"இது என்னம்மா?"

"மெழுகு காய்ச்சறப்போ மேல கொட்டிக்கினு இருக்கும்ங்க."

"கொட்டினவுடனே எரிஞ்சுதா?"

ரேணுகா யோசித்தாள். பானையை இறக்கிய அன்று எதுவும் எரியவில்லை. பிழிந்து முடித்த கையோடு ஓடையில் துணி துவைக்கப் போனாள். நல்ல வெயில்.

"இல்லீங்க. மறுநாள்தான் எரிஞ்சுது."

"மெழுகு மறுநாள் வரைக்கும் காத்திருந்தா சுடும்? எலுமிச்சை பிழிஞ்சீங்களா?"

கோகிலா திரும்பி அண்ணியைப் பார்த்தாள்.

"தோலைச் சீவிப் பிழிஞ்சேங்க" என்றாள் ரேணுகா.

"அதான். தோல்ல இருக்கிற எண்ணெய்க்கு வெயில் பட்டாத்தான் வேலை. பூசிட்டு நிழல்ல இருந்தா ஒண்ணும் தெரியாது. வெயில்ல நின்னா தோலைச் சுட்டுடும். அதுவும் உடனே காட்டாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும்."

"எங்க மரத்துக் காய்ங்க அது. மருந்துகூட அடிக்கறதில்ல" என்றாள் கோகிலா, யாருக்காகவோ வாதாடுகிறவள் போல.

"உங்க மரம்ங்கிறது எலுமிச்சைக்குத் தெரியுமா?" என்றார் டாக்டரம்மா. கேலியாக இல்லை, களைப்பாகத்தான் சொன்னார். "பாட்டில்ல வந்தாலும் தோல்ல இருந்து வந்தாலும் வாசனைங்கிறது ஒரு சரக்குதான். எது, எவ்வளவு, பூசிக்கிறவங்க எங்க வேலை செய்யறாங்க, எல்லாம் பாத்துத்தான் சேக்கணும். இயற்கைன்னு ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா போதும்னு நினைக்கிறாங்க."

"பாட்டில் வாசனைன்னா பரவால்லைங்களா?" என்று கேட்டாள் ரேணுகா. ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஊதுபத்திக்குன்னு செஞ்சதை முகத்துல போட்டா அது வேற வம்பு. அரிக்கும், தடிக்கும். ஆனா இது அந்த வேலை இல்ல. இது எலுமிச்சையும் வெயிலும் சேந்து பண்ணின வேலை."

"கறுப்பு போயிடுங்களா?" என்றாள் கோகிலா.

"போகும். மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் வெயில் காட்டாதே. அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்க. வேற யாராவது வெச்சிருந்தா வாங்கிடுங்க."

மருந்து வாங்குகிற வரிசையில் நின்றபோது கோகிலா கேட்டாள்.

"பாட்டில்னு சொன்னீங்களே அண்ணி?"

"பாட்டில தொறக்கவே இல்ல."

"மெட்ராஸ் பெட்டி?"

"எல்லாம் ஒரே பானதான்."

வரிசை நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள். கோகிலா கத்தியிருந்தால் ரேணுகாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. மருந்துச் சீட்டை நான்காக மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

"சின்னண்ணன் வண்டியில படுத்துக்கினு கீது" என்றாள். "நான் மூஞ்சி குடுத்துப் பேசல. சோறுகூட எடுத்துனு போய்க் குடுக்கல."

"கோகிலா…"

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

பார்சல் ஆபீசில் லாரி கிளம்பத் தயாராக நின்றது. வெற்றிவேல் ஓடி ஓடிப் பெட்டிகளை இறக்கினான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்டதற்கு, "சரியாயிடும்னாங்க" என்று மட்டும் கோகிலா சொன்னாள். அத்தனை நாளுக்குப் பிறகு தங்கை தன்னிடம் பேசிவிட்ட சந்தோஷத்தில் அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. நடையிலேயே ஒரு துள்ளல் வந்துவிட்டது. ரேணுகா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஒரு பெட்டியின் மேல்மூடி சரியாக ஒட்டாமல் பிரிந்திருந்தது. உள்ளே அடுக்கில் ஒரு டப்பாவின் இடம் காலியாக இருந்தது. தான்தான் கவனமில்லாமல் அடுக்கியிருக்க வேண்டும் என்று ரேணுகா நினைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. ஷோபனா.

"லாரியில ஏத்தியாச்சாங்க? கடையில இப்பவே கேக்குறாங்க."

"உங்ககிட்ட வாங்கறவங்க…" ரேணுகா நிறுத்தினாள். "அவங்கல்லாம் வெயில்ல வேல செய்யறவங்களா?"

"வெயிலா? எல்லாம் ஆபீஸ்ல ஏசியில உக்காந்திருக்கிறவங்கதான். ஏன் கேக்குறீங்க?"

மனசு எவ்வளவு சீக்கிரம் சந்து கண்டுபிடிக்கிறது, பாருங்கள்! ஏசியில் இருப்பவர்களுக்கு வெயில் ஏது? நிழலில் இருந்தால் ஒன்றும் தெரியாது என்று டாக்டரே சொன்னாரே. பெட்டி போகட்டும். அடுத்த பானையில் எலுமிச்சை வேண்டாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆர்டரும் நிலைக்கும், தன் பேரும் நிலைக்கும்.

பிரிந்த பெட்டிக்குள்ளிருந்து டப்பாக்கள் அவளைப் பார்த்தன. ஒவ்வொரு மூடியிலும் கோகிலாவின் முகம். பலா மரத்தடியில் நிற்க வைத்து வெற்றிவேல்தான் தன் போனில் அந்தப் படத்தை எடுத்தான். அவன் ஏதோ கிண்டல் செய்ய, அவள் சிரித்த நேரம். அதே பெண் சற்றுத் தள்ளி, சுவரோரம், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"அனுப்பலீங்க" என்றாள் ரேணுகா போனில். "இது தப்பாயிடுச்சு. அப்புறம் கூப்புடறேன்."

தராசில் முதல் பெட்டியை வைத்துவிட்டு வெற்றிவேல் திரும்பினான்.

"எறக்கிடு தம்பி."

"இன்னா அண்ணி, லாரி நிக்குது…"

"நீ வாங்கியாந்த பாட்டில நான் தொறக்கவே இல்ல. சாமை மூட்டைக்குப் பின்னால கீது. கோகிலா மூஞ்சிய சுட்டது நான் புழிஞ்ச எலுமிச்ச. இந்தப் பெட்டியிலயும் அதான் கீது. வூட்டு டப்பாவுல பாட்டில ஊத்தினேன்னு சொன்னது பொய்."

பாடம் ஒப்பிக்கிற குரலில்தான் சொன்னாள். வேறு குரல் அவளுக்கு வரவில்லை.

வெற்றிவேல் கொஞ்ச நேரம் தராசு முள்ளையே பார்த்தான்.

"அம்மா என்னத் திட்டினப்போ நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ம்" என்றான்.

அவ்வளவுதான். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனான். எல்லாப் பெட்டிகளையும் அவனே திரும்ப ஏற்றினான். ரேணுகா ஒன்றைத் தூக்கப் போனபோது, அவள் கையிலிருந்து வாங்காமல், அவள் கீழே வைக்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டான்.

ஆலங்காயத்தில் டீ குடிக்க நிறுத்தினான். வழக்கம்போல மூன்று டீ வாங்கிவந்தான். தங்கைக்கு ஜன்னல் வழியே கையில் கொடுத்தான். அண்ணியின் டம்ளரை வண்டியின் முன்தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அண்ணி என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறவன். அவள் புருஷன் பூபாலன் குடகுக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனபின் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டவன். டீயில் ஆடை கட்டியது. அவள் அதைக் குடித்தாள். சூடா, ஆறியதா என்றுகூடத் தெரியவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளடித்துச் சாய்ந்திருந்தது. களத்தில் பெண்கள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் மங்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் பெட்டிகள் அப்படியே இருப்பது முதலில் கண்ணில் பட்டது.

"போடலியா? லாரிய உட்டுட்டானா? எத ஒழுங்கா செஞ்சான், இத செய்ய? கூடப் பொறந்தவ மூஞ்சியக் கெடுத்தான், இப்ப…"

"அவனச் சொல்லாதீங்க அத்தை."

களத்துப் பெண்கள் நிமிர்ந்தார்கள். ரேணுகா வண்டியிலிருந்து இறங்கி நின்றுகொண்டு சொன்னாள். திருப்பத்தூரில் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். எலுமிச்சை, வெயில், பொய் என்று ஒன்றைக்கூட விடவில்லை. சொல்லி முடிக்கும்போது கோகிலா வந்து பக்கத்தில் நின்றாள். முகத்துத் துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகம் கறுத்த பிறகு கூட வேலை செய்த பெண்களே அவளை நேராகப் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"இந்தக் கிரீமத் தொட்டுக்கினு பாத்தவங்க யாருனா கீறீங்களா?" என்று கேட்டாள். "இருந்தா கழுவிட்டு நெழலுக்குப் போங்க."

யாரும் தொடவில்லை என்று தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் ரேணுகாவின் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மங்கம்மாள் திட்டுவாள் என்று ரேணுகா காத்திருந்தாள். மாமியார் வண்டியின் பின்பக்கம் போய், மூடி பிரிந்த பெட்டியைத் தொட்டாள்.

"இதுலயுமா?" என்றாள்.

"எல்லாத்துலயும் அத்தை. ஒரே பான."

"மெட்ராசுக்குப் போறது நல்லதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"அத நம்பித்தான் காலையில ஏத்தறப்போ இதுல ஒண்ண எடுத்தேன்." மங்கம்மாளின் குரல் தாழ்ந்துபோயிற்று. "தங்கவேல் பொண்டாட்டிக்குக் குடுத்தனுப்பினேன். தாய் வூட்டுக்குப் போறவள வெறுங்கையா எப்படி அனுப்பறது? கொயந்தைக்குப் பூசினா மணமா இருக்கும்னேன். குளிப்பாட்டி, ஒடம்பெல்லாம் பூசி, எளவெயில்ல கொஞ்ச நேரம் காட்டுடின்னேன்."

பெட்டியின் காலி இடம் ரேணுகாவின் கண்முன் வந்தது. பிறந்து இன்னும் தலை நிற்காத குழந்தை. மங்கம்மாள் சொன்னபடியே நாளைக் காலையில் குளிப்பாட்டுவார்கள். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் கிடத்தி, வெயிலில் காட்டுவார்கள்.

அத்தனை நாள் மரத்துக் கிடந்த உடம்பில் முதல்முதலாகப் பயம் வந்தது.  எதிர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன் போடு, போன் போடு" என்றாள் கோகிலா.

ஒருத்தி தங்கவேலிடமிருந்து நம்பர் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். குழந்தை போயிருக்கிற ஊரில் டவர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு தரம் போட்டார்கள். கடைசி பஸ் மத்தியானமே போய்விட்டது. பஸ் போகிற ரோட்டுக்கு அப்பால் காட்டுவழி, மண் ரோடு ஓடை வரைக்கும்தான், பிறகு நடக்க வேண்டும்.

வெற்றிவேல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, வண்டியைக் காலி செய்தான். டீசல் முள்ளைக் குனிந்து பார்த்தான். பிறகு ஓட்டுகிற பக்கம் ஏறி, குறுக்கே சாய்ந்து, அடுத்த பக்கத்துக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தான்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"ஏறுங்க அண்ணி."